இடுப்பு அறுவைக்குப் பின்: கட்டிலிலிருந்து முற்றம் வரை

இடுப்பு மூட்டு அறுவை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மருத்துவமனையில் தங்குவதும் பெரும்பாலும் சில நாள்கள்தான். அதன்பின் வரும் மூன்று மாதம் வீட்டில் கழிகிறது. புண் ஆறுவது, தசை வலுப்பெறுவது, எலும்பு கூடுவது, பழைய நடை திரும்புவது எல்லாம் அந்த மூன்று மாதத்தில்தான். அறுவையின் பலன் முழுதாகக் கைக்கு வருமா என்பதை அந்த வீட்டு நாள்களே பெரிதும் தீர்மானிக்கின்றன.

கேரளத்தின் தென்கோடியில், திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கின்றன பாறசாலை, காரோடு, செங்கல், கொல்லயில், குன்னத்துக்கால், வெள்ளறடை ஆகிய ஊராட்சிகள். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது பக்கத்து விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு விழுந்த பிறகும் உறவும் சந்தையும் வைத்தியமும் இரு பக்கமும் கலந்தே இருக்கின்றன. வீடு பாறசாலையில் இருக்கும், மகள் மார்த்தாண்டத்தில் இருப்பாள், அறுவை காரக்கோணத்திலோ திருவனந்தபுரத்திலோ நடந்திருக்கும்.

இங்கே முதியோர் மிகுதி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அறுபது வயது கடந்தோர் கேரளத்தில் நூற்றுக்கு 12.6 பேர், தமிழ்நாட்டில் 10.4 பேர். பிள்ளைகள் வளைகுடாவிலும் வெளிமாநிலத்திலும் வேலை செய்ய, முதியோர் இருவர் மட்டும் தங்கும் வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு. நிலமும் மேடுபள்ளமானது. ரப்பர் விளைக்குள் ஏறி இறங்கும் ஒற்றையடிப் பாதை, செம்மண் படிக்கட்டு, இடவப்பாதி மழையிலும் துலாமாத மழையிலும் பாசி பிடிக்கும் முற்றம், வீட்டை விட்டுத் தள்ளியிருக்கும் கழிப்பறை என்று வழுக்கி விழ வாய்ப்புள்ள இடங்கள் பல. அறுவைக்குப் பின் திரும்பிவரும் இடமும் இதே வீடுதான்.

எந்த அறுவை என்று அறிதல்

இடுப்பு மூட்டு பந்தும் கிண்ணமுமாக அமைந்தது. தொடை எலும்பின் உருண்ட தலை, இடுப்பெலும்பில் உள்ள குழியில் சுழல்கிறது. தலைக்குக் கீழே ஒடுங்கிய பகுதியைக் கழுத்து என்பார்கள். முதியோர் விழும்போது பெரும்பாலும் முறிவது அந்தக் கழுத்தோ, அதற்குச் சற்றுக் கீழுள்ள பகுதியோதான்.

கழுத்து முறிந்தால் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் அறுந்துவிடக்கூடும். எலும்பு கூடுவது கடினம். அதனால் வயதானவர்களுக்கு உடைந்த தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை பொருத்துகிறார்கள். கிண்ணத்தையும் சேர்த்து மாற்றினால் அது முழு மூட்டு மாற்று. கழுத்துக்குக் கீழே முறிந்தால் ரத்த ஓட்டம் பெரும்பாலும் கெடுவதில்லை. அங்கே தகடும் திருகும் வைத்தோ, எலும்பின் உள்ளே ஆணி செலுத்தியோ இணைக்கிறார்கள். விழாமலேயே மூட்டை மாற்ற வேண்டியவர்களும் உண்டு: தேய்மான மூட்டுவாதம், முடக்குவாதம், ஸ்டீராய்டு மருந்தாலோ மதுவாலோ தலைக்கு ரத்தம் போகாமல் எலும்பு செத்துப்போகும் நிலை ஆகியவை காரணம்.

இன்றைய முழு மூட்டு மாற்றுக்கு அடித்தளம் இட்டவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. சிறிய உலோகத் தலையும் உறுதியான பாலிஎத்திலீன் கிண்ணமும் கொண்ட அவரது முறை 1962-ல் நடைமுறைக்கு வந்தது. இப்போது பொருத்தும் மூட்டுகள் பெரும்பாலோருக்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளோ அதற்கு மேலுமோ உழைக்கின்றன.

வீட்டுக்கு வருமுன் குடும்பத்தார் மருத்துவரிடம் மூன்று கேள்விகளுக்குப் பதில் பெற வேண்டும். நடந்தது மூட்டு மாற்றா, ஆணி வைத்த இணைப்பா? அறுவை செய்த காலில் முழு எடை ஊன்றலாமா? குனிவதிலும் திரும்புவதிலும் எந்தக் கட்டுப்பாடு, எத்தனை வாரம்? பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன விதி இந்த வீட்டு நோயாளிக்குப் பொருந்தாமல் போகலாம். மூட்டு மாற்றியவர்களில் பெரும்பாலோர் மறுநாளே முழு எடை ஊன்றி நிற்கலாம். ஆணி, தகடு வைத்தவர்களில் சிலருக்கு மட்டும் பாதி எடைதான் என்று மருத்துவர் வரையறுப்பார்.

கிடத்தி வைப்பது ஓய்வு ஆகாது

"பாவம், கொஞ்ச நாள் கிடக்கட்டும்" என்பது அன்பினால் சொல்லப்படும் சொல். ஆனால் இடுப்பு அறுவைக்குப் பின் அதிகக் கேடு விளைவிப்பது அதுதான். படுத்தே கிடப்பவரின் தொடைத் தசை நாளுக்கு நாள் மெலிகிறது. முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வருகிறது. மூச்சு ஆழமாக இழுக்கப்படாமல் நுரையீரலில் சளி தேங்கி நிமோனியா ஆகிறது. காலில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இடுப்பு முறிந்த முதியோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுவதாகப் பல நாட்டு அனுபவம் காட்டுகிறது. அந்த மரணங்களில் கணிசமானவை எலும்பால் வருவதில்லை, கிடையால் வருபவை. ஆகவே எழுந்து உட்கார்வதும் நிற்பதும் நடப்பதும் மருந்தைப் போலவே வேளை தவறாமல் நடக்க வேண்டியவை.

வீட்டை ஆயத்தம் செய்தல்

நோயாளி வருவதற்கு ஒரு நாள் முன்பே வீடு தயாராக வேண்டும். மாடியில் படுப்பவர் கீழறைக்கு மாற வேண்டும். அடுக்களைக்கும் கழிப்பறைக்கும் அருகிலுள்ள அறை நல்லது. பனைநார்க்கட்டிலும் பழைய கயிற்றுக்கட்டிலும் நடுவில் தொய்வதால் அவற்றிலிருந்து எழுவது கடினம். பலகைக் கட்டிலில் அழுத்தமான மெத்தை போட வேண்டும். உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பை விடத் தாழ்ந்திருக்கும் அளவுக்குக் கட்டில் உயரமாக இருக்க வேண்டும். உயரம் போதாவிட்டால் நான்கு காலுக்கும் உறுதியான மரக்கட்டை கொடுக்கலாம்.

நாற்காலிக்குக் கைப்பிடி வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், சரியும். மர நாற்காலியே ஏற்றது. பாயும் மணையும் திண்ணையின் தாழ்ந்த படியும் இந்தக் காலத்தில் இருக்கையாக உதவாது. தரையில் அமர்ந்து உண்ணும் வழக்கம் சில மாதம் நிற்க வேண்டும்.

எல்லை ஊர்களின் பழைய வீடுகளில் பெரிய சிக்கல் கழிப்பறைதான். குந்தி அமரும் கழிப்பறையை இடுப்பு மாற்றியவர் பயன்படுத்தக் கூடாது. மேற்கத்திய வகை இருந்தாலும் பலருக்கு அது தாழ்வாக இருக்கும். மேலே பொருத்தும் உயர இருக்கை கிடைக்கிறது. அதுவும் இயலாதவர்கள் கமோடு நாற்காலி வாங்கிக் கட்டிலருகே வைக்கலாம். வெளியே கழிப்பறை உள்ள வீட்டில், மழைக்கால இரவில் முற்றம் கடந்து போகும் கட்டாயத்தை இது தவிர்க்கிறது. சுவரில் இறுகப் பொருத்திய கைப்பிடிக் கம்பி, தரையில் வழுக்காத ரப்பர் விரிப்பு, இரவெல்லாம் எரியும் சிறு விளக்கு ஆகிய மூன்றும் குறைந்த செலவில் பெரிய காப்பு.

தரையில் கிடக்கும் மிதியடி, கம்பளம், மின்கம்பி, கோழிக்கூடு, தேங்காய்க் குவியல் எல்லாம் நடைபாதையிலிருந்து அகல வேண்டும். டைல்ஸ் தரையில் நீர் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். முற்றத்துப் பாசியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து நீக்கி, வாசல்படிக்கு ஒரு பக்கமாவது பிடிமானம் அமைக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம்

தையலோ கிளிப்போ பொதுவாகப் பத்து முதல் பதினான்கு நாளில் எடுக்கப்படும். அதுவரை கட்டு நனையக் கூடாது. ஈரத்துணியால் உடலைத் துடைத்துக்கொள்ளலாம். பிறகு நாற்காலியில் அமர்ந்து குளிக்கலாம். குளத்திலும் ஆற்றிலும் இறங்கிக் குளிப்பது, புண் முழுதாக ஆறி மருத்துவர் ஒப்பும் வரை கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த வாரங்களில் சர்க்கரை அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். அது கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியோ மாத்திரையோ பெரும்பாலும் நான்கைந்து வாரத்துக்கு எழுதித் தரப்படும். "இப்போதுதான் நடக்கிறாரே" என்று பாதியில் நிறுத்துவது ஆபத்து. வலி மாத்திரையையும் முதல் நாள்களில் நேரப்படி தர வேண்டும். வலி அடங்கினால்தான் நோயாளி நடக்கத் துணிவார். வலுவான வலி மருந்துகளால் மலச்சிக்கல் வரும். நீரும் கீரையும் பழமும் அதற்கு ஈடு செய்யும்.

காலில் லேசான வீக்கமும் நீலநிறக் கன்றலும் பல வாரம் இருக்கலாம்; அது இயல்பு. ஆனால் சில அடையாளங்களைக் கண்டால் காத்திருக்கக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கிக் கடுமையாக வலிப்பது, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, புண்ணிலிருந்து நீரோ சீழோ கசிவது, குளிர்காய்ச்சல், திடீர் வலியோடு கால் குட்டையாகிப் பாதம் ஒரு பக்கம் திரும்பிவிடுவது ஆகியவை அவை. இரு மாநிலத்திலும் 108 என்ற எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும்.

முதியோரில் சிலர் அறுவைக்குப் பின் சில நாள் இரவில் குழம்புவார்கள். இடம் தெரியாமல் பேசுவார்கள், இறந்துபோனவரைக் கூப்பிடுவார்கள். இது பைத்தியமும் அல்ல, பேய்க்கோளாறும் அல்ல. மயக்க மருந்து, வலி, தூக்கமின்மை, நீர்ச்சத்துக் குறைவு, சிறுநீர்த் தொற்று ஆகியவை காரணமாகலாம். கண்ணாடியையும் காது கருவியையும் கையருகே வைப்பதும், தெரிந்த முகம் ஒன்று உடனிருப்பதும், பகலில் வெளிச்சத்தில் உட்கார்த்துவதும் உதவும். குழப்பம் கூடினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நடையைக் கற்றல்

நடை வாக்கரோடு தொடங்குகிறது. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடியும் உயரத்தில் வாக்கரின் பிடி இருக்க வேண்டும். உயரம் தவறினால் முதுகு கூனும், தோள் வலிக்கும். முதலில் வாக்கர், அடுத்து அறுவை செய்த கால், பிறகு நல்ல கால் என்பதே வரிசை. திரும்பும்போது அறுவைக் காலை ஊன்றிச் சுழலாமல், சிறு சிறு அடிகளாகத் திரும்ப வேண்டும். வீட்டுக்குள்ளும் பின்பக்கம் பிடிக்கும் செருப்போ ஷூவோ போடுவது நல்லது.

படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும்போது தடி நல்ல காலின் பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். வலிக்கும் பக்கமே தடி பிடிப்பது பலரும் செய்யும் தவறு. எதிர்க்கையில் பிடித்தால்தான் அறுவை செய்த மூட்டின் சுமை குறையும்.

படுக்கையிலேயே தொடங்கும் பயிற்சிகள் எளிமையானவை: பாதத்தை மேலும் கீழும் அசைத்தல், முழங்காலைப் படுக்கையில் அழுத்தித் தொடைத் தசையை இறுக்குதல், குதிகாலை மெல்ல இழுத்து முழங்காலை மடக்குதல், காலைப் பக்கவாட்டில் நகர்த்துதல். ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக, நாளுக்கு மூன்று நான்கு வேளை. சில வாரம் கழித்து, சுவரைப் பிடித்து நின்று காலைப் பக்கவாட்டில் தூக்குவதும், நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதும் சேரும். இடுப்பின் பக்கவாட்டுத் தசை வலுப்பெறாவிட்டால் சாய்ந்து நடக்கும் பழக்கம் நிலைத்துவிடும். ஒரே நெடுநடையை விட, நாளில் பல முறை சிறிது தூரம் நடப்பது பயன் தரும்.

மூட்டு நழுவாமல் காத்தல்

மூட்டு மாற்றியவர்களில், குறிப்பாகப் பின்பக்கம் வழியாக அறுவை செய்தவர்களுக்கு, முதல் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் மூட்டு நழுவும் வாய்ப்பு அதிகம். இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது. கால்மேல் கால் போடக் கூடாது. காலை உள்நோக்கித் திருப்பக் கூடாது. கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுப்பது, கட்டிலில் அமர்ந்து கால்மாட்டுப் போர்வையை எட்டிப் பிடிப்பது, சம்மணமிடுவது, குந்தி அமர்ந்து மீன் அரிவது எல்லாம் இந்த விதியை மீறும் செயல்கள். மல்லாந்து படுக்கும்போது கால்களுக்கிடையே ஒரு தலையணை வேண்டும். தேவாலயத்தில் மண்டியிடுவதற்கும் பள்ளிவாசலில் தரையில் தொழுவதற்கும் கோயில் மண்டபத்தில் அமர்வதற்கும் பதிலாக நாற்காலி போட்டுக்கொள்ளலாம். முன்பக்க வழியில் அறுவை செய்தவர்களுக்கு விதிகள் வேறு. அவர்கள் தம் மருத்துவர் சொன்னதையே பின்பற்ற வேண்டும்.

எண்ணெயும் உழிச்சலும்

இந்த வட்டாரம் வர்ம ஆசான்களுக்கும் முறிவு வைத்தியத்துக்கும் பேர்போனது. முறிவெண்ணெயும் குறுந்தோட்டித் தைலமும் இல்லாத வீடு குறைவு. அறுவைக்குப் பின் கால் வீங்கினால் உழிச்சலுக்கு அழைத்துப் போகும் எண்ணம் இயல்பாக எழும். இங்கே மிகுந்த எச்சரிக்கை தேவை. ஆறாத புண்ணில் எண்ணெய் பட்டால் தொற்று வரலாம். புது மூட்டைத் திருப்பி அழுத்தினால் நழுவலாம். காலில் ரத்தம் உறைந்திருக்கும்போது அழுத்தி உருவினால் கட்டி பெயர்ந்து நுரையீரலைச் சேரலாம். புண் ஆறும் வரையும், அறுவை செய்த மருத்துவர் அனுமதிக்கும் வரையும் அந்தக் காலில் உழிச்சல் கூடாது. ஆசானிடம் போவோர், உள்ளே உலோகம் இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சாப்பாடு

அறுவைக்குப் பின் உடலுக்குப் புரதம் அதிகம் வேண்டும். எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் நாள்தோறும் தேவை என்பது பொதுக் கணக்கு. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு ஐம்பது கிராம். வெறும் கஞ்சியும் ரஸ்க்கும் கட்டன்சாயாவும் இதைத் தராது. கஞ்சியோடு சிறுபயறு, மரச்சீனியோடு சாளையோ அயிலையோ, நாள்தோறும் ஒரு முட்டை, பால் அல்லது மோர் என்று உள்ளூர் உணவே போதும். முள்ளோடு உண்ணும் சிறுமீனும் பாலும் கீரையும் சுண்ணாம்புச் சத்து தரும். முற்றத்து வெயிலில் அமர்வது வைட்டமின் டி-க்கு உதவும். குறைவு இருந்தால் மருத்துவர் மாத்திரை தருவார். சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரத அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். மது தள்ளாடி விழச் செய்யும்.

வீடு தேடி வரும் உதவி

வீட்டுப் பராமரிப்பில் கேரளம் இந்தியாவுக்கே முன்னோடி. 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் ஊர்தோறும் தன்னார்வலர்களைச் சேர்த்து வளர்ந்தது. 2008-ல் கேரள அரசு அதற்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது; இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுவே. இன்று ஊராட்சிதோறும் பாலியேட்டிவ் (வலி நிவாரண) நர்ஸ் ஒருவர், ஆஷா பணியாளரோடும் தன்னார்வலரோடும் படுக்கையில் இருப்போரின் வீடுகளுக்குப் போகிறார். புற்றுநோயாளிகளுக்கு மட்டுமே இந்தச் சேவை என்று பலர் எண்ணுகிறார்கள். எழுந்து நடக்க இயலாத முதியோரும் இதில் சேர்வார்கள். ஊராட்சி உறுப்பினரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயர் கொடுத்துவைக்க வேண்டும். பாறசாலையில் தாலுகா மருத்துவமனையும் நெய்யாற்றின்கரையில் பொது மருத்துவமனையும் உள்ளன. காரக்கோணத்தில், எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற, நெய்யூரில் நெடுங்காலம் அறுவை மருத்துவராக உழைத்த சோமர்வெல்லின் பெயரைத் தாங்கிய சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

எல்லைக்கு அப்பால் களியக்காவிளைப் பக்கம் வாழ்வோருக்குத் தமிழ்நாட்டின் மக்களைத் தேடி மருத்துவம் உண்டு. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் சேவையும் அடக்கம். காப்பீட்டில் கேரளத்துக்குக் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி, தமிழ்நாட்டுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப அட்டை எந்த மாநிலத்தது, அறுவை எந்த மாநிலத்தில் என்பதை முன்கூட்டியே பார்த்து, மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் உறுதி செய்துகொள்வது எல்லை ஊர்க் குடும்பங்களுக்கு மிக அவசியம்.

ஹோம் நர்ஸ் வைப்பவர்கள் நோயாளிக்காக எல்லாவற்றையும் செய்துவிடச் சொல்லக் கூடாது. எழும்பவும் உடுக்கவும் கழிப்பறை போகவும் நோயாளி தாமே முயல வேண்டும். அருகே நின்று தாங்குவதே உதவியாளர் பணி.

வேலைக்குத் திரும்புதல்

ஆறு வாரத்தில் முதல் மறுபரிசோதனையும் எக்ஸ்ரேயும் நடக்கும். அதற்குள் பலர் கைத்தடிக்கு மாறியிருப்பார்கள். ஆட்டோவிலும் காரிலும் ஏறும்போது முதலில் இருக்கையில் பின்புறமாக அமர்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுக்க வேண்டும். பைக்கின் பின்னால் அமர்வதை மூன்று மாதமாவது தவிர்க்க வேண்டும். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் போகலாம். உடல் உழைப்புக்கு மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். மூட்டு மாற்றிய ரப்பர் வெட்டுத் தொழிலாளர், சரிவில் சுமையோடு இறங்குவதையும் குந்தி அமர்ந்து தாழ்வாக வெட்டுவதையும் பற்றி மருத்துவரிடம் தனியே பேச வேண்டும். பனையும் தெங்கும் ஏறுவோருக்கு மாற்றுவேலை தேடுவதே பாதுகாப்பு.

அடுத்த முறிவைத் தடுத்தல்

நின்ற நிலையிலிருந்து விழுந்தே இடுப்பு முறிந்தது என்றால், எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கிறது என்று பொருள். ஒரு முறை முறிந்தவருக்கு மறுபக்கமும் முறியும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம். ஆயினும் முறிவைச் சரிசெய்த பல குடும்பங்கள் எலும்பு மெலிவுக்கு மருந்து கேட்பதில்லை. வாரம் ஒரு முறை விழுங்கும் மாத்திரையும் ஆண்டுக்கு ஒரு முறை போடும் ஊசியும் கிடைக்கின்றன. 2007-ல் வெளியான ஒரு பெரும் ஆய்வில், இடுப்பு முறிவுக்குப் பின் சோலெட்ரோனிக் அமில ஊசி போட்டவர்களிடம் புது முறிவும் இறப்பும் குறைந்திருந்தன. தலைசுற்ற வைக்கும் ரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை, மங்கிய கண்பார்வை, கண்புரை ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். மறுபடி விழச் செய்பவை இவையே.

டிஸ்சார்ஜ் சீட்டையும், பொருத்திய மூட்டின் பெயரும் எண்ணும் உள்ள ஸ்டிக்கரையும் பத்திரப்படுத்துவதும் சிகிச்சையின் பகுதிதான். 2010-ல் ஒரு பன்னாட்டு நிறுவனம் தன் உலோக இடுப்பு மூட்டு வகை ஒன்றை உலகெங்கும் திரும்பப் பெற்றபோது, அதைப் பொருத்தியிருந்த இந்தியர் பலரைத் தேடிக் கண்டறிய முடியவில்லை. எல்லை கடந்து இரு மாநில மருத்துவமனைகளில் காட்டும் குடும்பங்களுக்கு அந்த ஒரு தாளே தொடர்ச்சி. ஆறு வாரம், மூன்று மாதம், ஓராண்டு என்று மறுபரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் அதையும் மருந்துப் பட்டியலையும் கையில் கொண்டுபோக வேண்டும்.